ஒரு சாண் கூட்டிய பாய்

வத்தேகமச் சந்தையில் இன்று பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டான் ஒன்றை வாங்கினேன். பாகும் காய்ந்த ஓலையும் கலந்த அதன் வாசம் மூக்கில் ஏறியதுமே, சிறு வயதில் அம்மாவோடு இந்தக் காப்பி மலைக்கு வரும் வழியில், காற்று அடங்கும்வரை எங்கள் தோணி ஒதுங்கிக் கிடந்த கடற்களப்புத் தீவுக்குப் போய்விட்டேன்.

அங்கே பெண்கள் பேசும்போதும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் கை ஓயாமல் ஓலை பின்னிக்கொண்டிருப்பார்கள். பாகு கொதிக்கும் சத்தம், பனங்கிழங்கு மாவில் மீன் போட்டுக் காய்ச்சிய ஒடியற்கூழ் காரத்தோடு தொண்டையில் இறங்கும் சூடு, எல்லாவற்றிலும் உப்புக்காற்று. பாயை ஆளை அளந்துதான் பின்னுவார்கள். ஒருத்தி என்னை மணலில் படுக்கவைத்து, உச்சி முதல் குதிகால் வரை ஈர்க்கால் அளந்தாள்.

"வளர்ற புள்ள, ஒரு சாண் கூட்டிப் பின்னுங்க. காப்பிப் பழம் பறிச்சு முடிச்சு ஊருக்குத் திரும்புறப்ப வாங்கிக்கிறோம்," என்றாள் அம்மா.

"ஓம், வாங்கோ. சுருட்டி வைக்கிறன்."

அதன்பின் காட்டுவழி நடை, பன்வில மலை, மழை, கூடை, மறுபடி மழை. ஒவ்வொரு பறிப்பு முடியும்போதும் கங்காணி அடுத்த பறிப்பைச் சொன்னார். அம்மா பாயைச் சொன்னாள். காய்ச்சலில் அவள் போனபோது காப்பிச் சாக்கில்தான் சுற்றினோம்.

இலைநோய் தின்ற காப்பிச் செடிகளையெல்லாம் இப்போது பிடுங்கிப் போட்டாயிற்று. அதே சரிவில் தேயிலைக்குக் குழி வெட்டுகிறேன்.

குட்டானை முகர்ந்த என் மகள் கேட்டாள்: "அந்தத் தீவுக்கு எப்பம்மா போவோம்?"

"தேயில நட்டு முடிச்சதும் போவோம் புள்ள," என்றேன்.

அந்தப் பாய் இப்போது அவளுக்குச் சரியாக இருக்கும்.