கம்பி நீட்டாத வீடு

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்த நாள்கள் நிறைய.

ஆலங்குடிப் பக்கம் எங்கள் பெரிய வீட்டில் கீழே நாலு அறை, மேலே மூன்று. இருப்பது நானும் என் வீட்டுக்காரரும்தான். மூத்தவன் சிங்கப்பூரில், இளையவன் திருப்பூரில். மழை தூறினால் மாடிக் கதவைச் சாத்த ஏறுவேன். இறங்கியதும் பின்கதவின் மேல் சந்தேகம் வரும். முட்டி வலியோ சொல்ல வேண்டாம்.

அதனால்தான் எதிரே கடலை காயப்போடும் களத்தில் ஒரு சின்ன வீடு கட்டுவோம் என்றேன். ஓர் அறை, சமையலறை, உள்ளேயே கக்கூஸ். கட்டிலில் படுத்தபடியே எல்லாக் கதவும் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். "டிவி வைக்க எடம் இருக்குமா?" என்று மட்டும் அவர் கேட்டார்.

அவருடைய அக்காள் அஸ்திவாரத்தைப் பார்க்க வந்தார்.

"ஏத்தா, கோழிக்கூடா கட்டுற?"

"கோழி நிம்மதியாத் தூங்குதுல்ல மதினி."

"புள்ளைக வெளிய தள்ளிட்டானுகன்னு ஊரு பேசும்."

"பேசட்டும். அந்த ஊரா வந்து ஏழு ரூமக் கூட்டுது?"

கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: மாடிப்படி கூடாது, தளத்துக்கு மேல் கம்பி நீட்டக் கூடாது. எங்கள் பக்கம் எந்த வீட்டைப் பார்த்தாலும் தூண் கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நிற்கும், என்றைக்காவது மாடி எடுக்கலாம் என்று. பெரிய வீட்டிலும் அப்படித்தான் விட்டோம். கம்பி நிற்கிறதே என்று மாடி எடுத்தோம். எடுத்த மாடியில் படுக்க ஆளில்லை.

தளம் போடும் நாள் காலையில் போய் நின்றால், நாலு மூலையிலும் கம்பி ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

"கொத்தனாரே, இது என்ன?"

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "சிங்கப்பூர் தம்பி போன் பண்ணுச்சு ஆத்தா. கம்பிய விட்டு வைங்க, அம்மாகிட்டச் சொல்லாதீங்கன்னுச்சு."

ஆள்கள் சட்டியோடு நிற்கிறார்கள். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. இன்றைக்கு விட்டால் மறுபடி எல்லாரையும் எப்போது சேர்ப்பது? ஆனாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கலவை மிஷினுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"கம்பிய வெட்டிட்டு மிஷினப் போடுங்க."

"எல்லாரும் பாக்குறாகத்தா, எந்திரி," என்றார் தளம் போடுவதைப் பார்க்க வந்திருந்த மதினி.

"பாக்கட்டும்."

அதற்குள் மகனுக்குச் சேதி போய்விட்டது. வீட்டுக்காரர் போனை என்னிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன்.

"அம்மா, நாளைக்கு நாங்க வந்தா எங்க தங்குறது?"

"எதுத்தாப்புல ஏழு ரூம் இருக்கு. சாவி தாரேன். நீங்களே கூட்டிப் பெருக்கித் தங்கிக்கங்க."

"பின்னாடி தேவைப்பட்டா மேல ஒரு ரூம் எடுக்கலாம்லம்மா..."

"தேவைப்பட்டா நீ ஒன் எடத்துல எடு. இது எங்க ரெண்டு பேரு வீடு. எங்க காலு ஏறுற ஒசரம் இவ்வளவுதான்."

அவன் போனை வைத்துவிட்டான். நான் எழுந்திருக்கவில்லை. அவர் கொத்தனாரைப் பார்த்து, "அவ சொல்றபடி செய்ங்க," என்றார். கட்டர் மிஷின் கத்தியது. நாலு மூலையும் மொட்டையான பிறகுதான் நாற்காலியை நகர்த்தினேன். மழை வேறு பக்கம் போய்விட்டது. பொழுது சாயுமுன் தளம் முடிந்தது.

அதற்கப்புறம் பல நாள் அவன் பேசவில்லை. கவலைப்பட எனக்குச் சொல்லித் தரவா வேண்டும்? சாப்பிட்டானா, கோபத்தில் ரோட்டில் கவனமில்லாமல் போகிறானா என்று என்னென்னவோ நினைத்தேன். ஆனாலும் நானாகக் கூப்பிட்டு, சரிப்பா, நீ சொன்னதுதான் சரி என்று சொல்லவில்லை. தினமும் காலையில் தளம் இறுக ஆளை விட்டுத் தண்ணீர் ஊற்ற வைத்தேன்.

பூச்சு வேலை நடக்கும்போது அவனே கூப்பிட்டான்.

"பால் காய்ச்சுறது எப்பம்மா?"

"ஒனக்கு லீவு கெடைக்கிறப்ப."

"நான் வந்தா அங்கயே படுத்துக்கிறவா?"

"படு. தரையில பாய் போட்டுத் தாரேன். மாடி மட்டும் கேக்காத."