உதட்டில் நின்ற பெயர்

இத்தாலியின் கியோஜா ஊரில் எலிதேயை வாயாடி என்று சொல்லாதவர் கிடையாது. மீன் டப்பா ஆலையில் எட்டு மணி நேரமும் கை மத்தியை அடுக்கும், வாய் ஊர்க்கதையை அளக்கும். அதெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சில். அதில் ப்ப, ல்ல மாதிரி இரட்டை மெய் என்பதே இல்லை. எதையும் அழுத்தாமல் வழுக்கிக்கொண்டு போகலாம். பள்ளிக்கூடத்து இத்தாலியன் அப்படியா? இரட்டை மெய் வந்தால் நாக்கோ உதடோ ஒரு கணம் மூடி நின்று, பிறகு திறக்க வேண்டும். அதற்காக வாங்கிய பிரம்படியில், மூடிய வாய் திறக்காமல் போகும் வியாதி அவளுக்கு வந்துவிட்டது. பாழாய்ப்போன வாத்தியார்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அவள் சிநேகிதி ஒதீலியாவின் மூன்று விரல்கள் டப்பா மூடும் இயந்திரத்தில் போயின. விரல் சிக்காமல் தடுக்கும் காப்புத் தகட்டை அவளே கழற்றினாள் என்று ஆலைக்காரர்கள் சாதித்தார்கள். கோர்ட்டும் அதை நம்பிவிட்டால் வேலையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு நடுத்தெருதான். வேகம் கூட்டுவதற்காக மேஸ்திரி காப்பெல்லோ தகட்டைக் கழற்றியதைப் பார்த்த ஒரே ஆள் எலிதே.

ஒரு வாரம் வீட்டுச் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினாள். இரட்டை வரும் சொல்லையெல்லாம் தள்ளிவிட்டு வேறு சொல் பொறுக்கினாள். மேஸ்திரியின் பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் ஏது? அதிலோ ஒன்றுக்கு இரண்டாக இரட்டை.

கோர்ட்டில் பாதி தூரம் நன்றாகவே போனது. கழற்றியவர் யார் என்று கேட்டபோது, ஆலையில் எல்லோரும் மறைவில் சொல்லும் பட்டப்பெயரைச் சொன்னாள். "ஊசிமூஞ்சி."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. தெற்கிலிருந்து வந்த, எங்கள் பேச்சு புரியாத நீதிபதி சிரிக்கவில்லை.

"பட்டப்பேரெல்லாம் பதிவுல ஏறாதும்மா. ஆளோட பேரச் சொல்லுங்க. இத்தாலியன்லயே சொல்லுங்க."

எலிதே மூச்சை இழுத்தாள். "காப்..." என்று உதடு மூடியது. மூடியது மூடியதுதான். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது.

ஆலை வக்கீல் எழுந்தார். சொல்லிக்கொடுத்த பாடம் மறந்துபோச்சு போலிருக்கு என்று நக்கலடித்தார். பிறகு குரலைக் குழைத்து, "ஒதீலியாதானே கழட்டுனா? பேசக்கூட வேணாம், தலைய ஆட்டுனாப் போதும்" என்றார்.

ஒதீலியா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். எலிதே தலையை அசைக்கவில்லை, உதட்டையும் விடவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்த காப்பெல்லோ அந்த மூடிய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் இருப்பது தன் பெயர் என்று அவனுக்குத் தெரியாதா? சட்டைக் காலரைத் தளர்த்தினான். எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"விட்ரு எலிதே, செத்துகித்துப் போயிடாத. நான்தான் கழட்டுனேன்."

நீதிபதி எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். வக்கீல் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்தது, நீங்கள் இறங்கலாம் என்று எலிதேயிடம் சொன்னார்கள். அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

"...பெல்லோ."