அருவியை வெட்டியவள்

சினிமாவில் நான் இணை இயக்குநராக இருந்தவன். தெருவை அடைத்து, கூட்டம் சேர்த்து, எல்லோரையும் விரட்டி வேலை வாங்குவது என் பிழைப்பு. அப்படி எடுத்த படத்தில் எது தேவையில்லை என்று பார்த்து வெட்டி எறிவது என் மனைவியின் பிழைப்பு, அவள் எடிட்டர். இருவருக்கும் அலுத்துப்போய் அவளுடைய ஊரான கள்ளக்குறிச்சிக்கு வந்தோம். வருகிறவர்களின் மனசு அறிந்து அவர்களுக்கென்றே பயணம் அமைத்துத் தரும் தொழிலைத் தொடங்கினோம். தையல்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல என்று அவளுடைய சொந்தக்காரர்களுக்கு மூச்சு முட்ட விளக்கினேன். "டிராவல்ஸ் வெச்சிக்கினு இருக்காரு" என்று முடித்துக்கொண்டார்கள்.

முதல் வாடிக்கையாளர் கனடாவில் வேலை பார்ப்பவர். சென்னையில் தனியாக இருக்கும் அம்மாவை அடுத்த மாதம் தன்னோடு ஒரேயடியாக அழைத்துப் போகிறார். அதற்கு முன்னால் அம்மாவும், வடக்கனந்தலில் விவசாயம் பார்க்கும் சித்தியும் ஒருநாள் கல்வராயன் மலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தும் அக்காள் தங்கை இருவரும் மலை ஏறியதில்லையாம்.

நான் விடுவேனா? அணை, இரண்டு அருவி, வெள்ளிமலைக் கடைத்தெரு, சூரியன் மறையும் பாறை என்று ஷூட்டிங் ஷெட்யூல்போல எழுதி மனைவியிடம் நீட்டினேன்.

"இன்னாங்க இது? மலைய அவங்க பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்காங்க. ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து எத்தினி வருஷமாச்சின்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அணையை அடித்தாள். பாறையை அடித்தாள். பேனா அருவிக்கு வந்தபோது, மலைக்குப் போய் அருவி பார்க்காமல் வந்தால் ஊரே சிரிக்கும் என்று கெஞ்சினேன். அருவியும் போயிற்று. தெரிந்தவர் ஒருவரின் மரவள்ளிக் கொல்லை, அதன் ஓரத்து ஓடை, பலாமர நிழல், மத்தியானச் சாப்பாடு, இவ்வளவுதான் மிச்சம். சாயங்காலம் இறங்கி, தங்கையை வடக்கனந்தலில் விட்டுவிட்டு சென்னையிலிருந்து பெட்டியோடு வரும் அக்காவைத் திரும்ப அங்கே கொண்டுபோய் விட வேண்டும்.

அன்று மரத்தடியில் பாயை விரித்து இருவரையும் உட்காரவைத்தோம். கொஞ்சம் தள்ளி அடுப்பு மூட்டினோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காருக்கும் அடுப்புக்கும் நடந்தேன். "கெழங்கு உரிங்க" என்று மனைவி என் கையில் கத்தியைக் கொடுத்து உட்காரவைத்தாள்.

சாப்பிட்டபின் தங்கையின் குரல் உயர்ந்தது.

"புள்ள கூப்பிட்டா பொட்டிய கட்டிடுவியா? எனக்கு ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? எனுக்குப் போவ இஷ்டமான்னு யாரு கேட்டாங்க?"

அக்காள் அழுதார். முதல் பயணமே பாழ் என்று நான் எழுந்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வுடுங்க. இத்தினி வருஷமா போன்ல நல்லாக்கிறியா, நல்லாக்கிறியான்னே கேட்டுக்கினு இருந்தவங்க. சண்ட போட இன்னிக்குத்தான் நேரம் கெடச்சிருக்கு."

அவளை எனக்கு எப்போதும் பிடிக்கும். அந்த நிமிஷம் கையெடுத்துக் கும்பிடலாம் என்றே தோன்றியது. நான் எழுதிவைத்தபடி நடந்திருந்தால் அந்நேரம் அந்த இருவரையும் அருவிக்கு முன்னால் நிறுத்தி, சிரிக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

வெகுநேரம் பேசினார்கள். எங்களுக்குக் கேட்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் அவர்களாகவே எழுந்து வந்து காரில் ஏறினார்கள். வடக்கனந்தலில் தங்கை வீட்டு முன்னால் நிறுத்தினேன். தங்கை இறங்கினார். அவர் பின்னாலேயே அக்காவும் இறங்கினார்.

"என் பொட்டியயும் எறக்குங்க தம்பி."

பணம் கட்டியவர் மகன். அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? எஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மனைவி அதற்குள் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தாள்.

"புள்ளகிட்ட நானே பேசிக்கிறேன்," என்றார் அக்காள். "நீ இங்கயே இருந்துடுறியான்னு தங்கச்சி கேட்டா. இருக்கேன்னுட்டேன்."