இடம் மாறிய தழும்பு

சித்திரபுரத்திலிருந்து அருளப்பனின் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா காலையில போயிட்டாக" என்றாள். கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எழுபதுகளில் முதலமடையில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்து, அசையாமல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும். 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் நினைத்தேன். எழுதினால் எழுந்து வந்து உதைப்பான். அவன் என்றே எழுதுகிறேன்.

ஸ்டுடியோவில் நாங்கள் இருவரும் கூட்டாளிகள். படம் எடுப்பது நான், இருட்டறையில் அதைப் பெரிதாக்கி அச்சிடுவது அவன். மலைமேல் சித்திரபுரம் எஸ்டேட் குளிர் ஆகாது என்று கீழே இறங்கி வந்தவன், இங்கே வந்ததிலிருந்து வெயிலைத் திட்டிக்கொண்டே இருந்தான். நகம் அளவு முகத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கினால் ரவை தூவியது போலப் புள்ளி புள்ளியாகப் பிரிந்துவிடும். பென்சிலை ஊசியாகச் சீவிக்கொண்டு உட்காருவான். புருவம், கண்ணோரம், உதட்டுக் கோடு என்று ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். "மெஷின் பெருசாக்கும்வே. ஆளாக்குறது நான்லா!" என்று பீற்றிக்கொள்வான்.

தப்பை ஒப்புக்கொள்ளும் வழக்கம் மட்டும் அவனிடம் கிடையவே கிடையாது. ஒருமுறை மாங்காய் வியாபாரி ஒருவர், தன் முகம் கலங்கி விழுந்திருக்கிறதென்று படத்தோடு சண்டைக்கு வந்தார்.

"படம் எடுக்கையில மூச்சு விட்டீகளா?" என்று கேட்டான் அருளப்பன்.

"உட்டேனுங்க."

"பொறவு எப்படிய்யா நிக்கும்?"

வியாபாரி வருத்தம் தெரிவித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். நான் இருட்டறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

எனக்குப் பெண் பார்த்தார்கள். கோபாலபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பம், பெண் பெயர் மயிலாள். மாப்பிள்ளை படம் கேட்டார்கள். ஊரையே படம் எடுத்த எனக்கு உருப்படியாக ஒரு படம் இல்லை. மாங்காய் லாரிப் பக்கத்தில் பத்துப் பேரோடு நின்ற ஒரு படத்திலிருந்து என்னை மட்டும் மார்பளவுக்கு எடுத்துப் பெரிதாக்கினான் அருளப்பன். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்ததில் என் இடது கன்னத்தில் ஒரு தழும்பு. அதை அழித்துவிடச் சொன்னேன். "கல்யாணத்துக்குக் குடுக்குற படம்வே. மறைச்சா பாவம்" என்று, மங்கலாக இருந்த தழும்பைப் பென்சிலால் இன்னும் நன்றாகத் தெரிய வைத்தான். தரகர் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று வாசலில் குதித்துக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தேன். அச்சு அசல் நானே. கொடுத்தனுப்பினோம்.

படம் பிடித்துப் போய், பெண் பார்க்க வரச் சொன்னார்கள். அருளப்பனும் கூட வந்தான். பெண்ணின் அப்பா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, தழும்பு எடம் மாறுமுங்களா? படத்துல சோத்தாங்கைப் பக்கம், நேர்ல பீச்சாங்கைப் பக்கம். மாப்பிள்ளைக்குத் தம்பி ஒருத்தரு இருக்கறாருன்னாங்களே. அவரு படத்தக் காட்டிப்போட்டு இவரக் கூட்டியாந்தீங்களா?"

கூடி வந்த சம்பந்தம் கையை விட்டுப் போகிறது. சமையலறைக் கதவோரம் அவள் நிற்பதை அதற்குள் பார்த்துவிட்டிருந்தேன், வேறு பெண்ணை நினைக்க மனசு வரவில்லை. அருளப்பனைத் திரும்பிப் பார்த்தேன். தரகர் மேல் பழியைப் போடுவான், இல்லாவிட்டால் நான் மூச்சு விட்டேன் என்பான் என்று நினைத்தேன். அவன் எழுந்து நின்றான்.

"தப்பு என்னுதுங்கய்யா. அவசரத்துல நெகடிவைப் புரட்டிப் போட்டுட்டேன். ஆளு இவன்தான். ஒரு கண்ணாடி குடுங்க."

மயிலாளே கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்தாள். அதன் முன்னால் படத்தைக் காட்டினான். கண்ணாடிக்குள் தழும்பு இடது பக்கம் வந்தது, சட்டைப் பையும் கூடவே இருக்க வேண்டிய இடது பக்கத்துக்கு வந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. என் முகத்தை நான் கண்ணாடியில் மட்டுமே பார்த்தவன், புரண்ட படம் எனக்கு எப்படி வித்தியாசமாகத் தெரியும்?

பெண்ணின் அப்பா இன்னும் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மயிலாள் கண்ணாடியை இறக்காமலேயே சொன்னாள்: "அப்பா, எனக்கு ரெண்டு பக்கமும் சரிங்கப்பா."

வீடே சிரித்தது. கல்யாணம் முடிந்ததும் அருளப்பன் அதே முகத்தைச் சரியான பக்கமாக, இன்னும் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்தான். மயிலாள் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, பழையதையே சுவரில் மாட்டினாள். "நாஞ் சரின்னு சொன்னது இவரைத்தானுங்கண்ணா" என்றாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான் படுபாவி.

இனி அப்படிச் சிரிக்க அவன் இல்லை. அவன் நினைவாக என்னிடம் இருப்பவை இரண்டு: சுவரில் அந்தப் புரண்ட முகம், அதன் கீழே உட்கார்ந்து இத்தனை வருஷமாக என்னை அதட்டிக்கொண்டிருக்கும் மயிலாள்.