பூஜை அறையில் இரண்டு போன்கள்

அமெரிக்காவில், பேர்லேண்ட் என்ற ஊரில், எங்கள் ஹைஸ்கூல் ஃபுட்பால் டீமில் இரண்டு தமிழ்ப் பையன்கள் இருந்தோம். இருவருமே கிக்கர். மற்றவர்கள் கையில் பிடித்து ஓடுகிற பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்புவதுதான் கிக்கரின் வேலை. நான் உதைப்பேன், அவன் தண்ணீர் பாட்டில் நீட்டுவான். அதை நான் இன்னும் மறக்கவில்லை, அவன்தான் மறந்துவிட்டான்.

எனக்குப் பெரிய யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது. அவன் போனது ஒரு குட்டிக் காலேஜ். பெயரைச் சொன்னால், "அது எங்கப்பா இருக்கு?" என்று அங்கிள்கள் கேட்பார்கள். நான் ஊரே திரண்டு வரும் ஸ்டேடியத்தில் ஆட இடம் கிடைக்காமல் பெஞ்சைத் தேய்த்தேன். அவன், எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் கூட்டம்கூட இல்லாத மைதானத்தில் வாராவாரம் உதைத்தான். உதைத்து உதைத்தே தேறிவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

படிப்பு முடிந்த வருடம், புரொஃபஷனல் டீம்கள் ஆள் எடுக்கும் நாட்கள் வந்தன. டிவியில் பெயர்களை அறிவிப்பார்கள். அதில் வராத சிலருக்கு, எல்லாம் முடிந்த பிறகு டீமிலிருந்தே போன் வரும். எங்கள் இருவருக்கும் நம்பிக்கை அந்தப் போனில்தான் இருந்தது.

கடைசி நாள் அவன் வீட்டில் பாட்லக், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் விருந்து. அவனுடைய அம்மா அவன் போனை வாங்கி, குங்குமம் வைத்து, பூஜை அறையில் பிள்ளையார் முன்னால் வைத்தார். என் அம்மா சும்மா இருப்பாரா? "உன்னோடதையும் குடுடா." இரண்டும் ஒரே கறுப்பு, இரண்டிலும் ஒரே பொட்டு.

எங்கள் பெயர்கள் வரவில்லை. ஆன்ட்டிகள் டிவியை அணைத்துவிட்டு, மிச்சப் பிரியாணியை டப்பாக்களில் அடைக்க ஆரம்பித்தார்கள். "போனா போகுது, மாஸ்டர்ஸ் அப்ளை பண்ணுங்கப்பா" என்றார் ஒரு அங்கிள். நான் கை கழுவப் போகிறவன் மாதிரி பூஜை அறைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு போன் அதிர்ந்தது. யாருடையது என்று பார்க்கவில்லை, எடுத்துவிட்டேன். அந்தக் குரல் ஒரு டீமின் பெயரைச் சொன்னது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அடுத்து அது அவன் பெயரைச் சொல்லி, "நீதானே?" என்று இங்கிலீஷில் கேட்டது.

"இல்லை. அவனைக் கூப்பிடுகிறேன்" என்றேன்.

அவன் பேசி முடித்ததும் ஓடி வந்து முதலில் என்னைத்தான் கட்டிக்கொண்டான். ஆன்ட்டிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "டிவில பேரே வரலையே, எப்படி செலக்ட் ஆனான்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"டீமோட ட்ரெயினிங் கேம்புக்கு வரச் சொல்லியிருக்காங்க ஆன்ட்டி. ரொம்பப் பெரிய விஷயம்." அவன் பெருமையை நான் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

திரும்பும்போது, ஃப்ரீவே ஏறப் போகையில் அம்மா கேட்டார்: "போன் எடுத்துட்டியா?"

"இல்லம்மா. விடு, நாளைக்கு வாங்கிக்கலாம்."

அம்மா காரைத் திருப்பினார். அந்த வீட்டுச் சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்டது. நான் இறங்கவில்லை. அம்மாதான் உள்ளே போய் எடுத்து வந்தார். காருக்கு வருவதற்கு முன், வாசலிலேயே நின்று, ஸ்கிரீனை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.