சிக்னல் பெட்டிக்கு வைத்த பொட்டு

சிவப்பு விளக்கு விழுந்தால் பம்பாயில் எல்லாரும் வாய்க்குள் திட்டுவார்கள். நான் மட்டும் பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சந்தியின் ஓரத்தில் நிற்கிற சாம்பல் நிற இரும்புப் பெட்டியைப் பார்ப்பேன். வண்டிச் சத்தம் கொஞ்சம் அடங்கினால் அதற்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்ததும் பச்சை விழும். தாராவியிலிருந்து செம்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர் அந்த பஸ்ஸில் வந்தார்கள். அந்த 'டக்'கைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் வயர்மேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் ஒரு சாலில், அதாவது ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் கட்டிய குடியிருப்பில், ஒற்றை அறையில் குடியிருந்தோம். அந்த ஒற்றை அறையைத்தான் கோலி என்பார்கள். கோலிக்குள் நான், என் மனைவி, கைக்குழந்தை, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். கால் நீட்டினால் சுவர் இடிக்கும். அந்த இடத்துக்குத்தான் நான் ஒரு சிக்னல் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தேன்.

குர்லாவில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரருக்குக் கடை முழுக்க வயரிங் செய்து கொடுத்தேன். கூலிக்குப் பதிலாக அந்தப் பெட்டியைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, கைவண்டியும் அவரே பிடித்துக் கொடுத்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டி. லாரி இடித்து ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நெஞ்சு உயரம் இருக்கும்.

வாசலில் இறக்கியதும் என் மனைவி கேட்டாள். "இது என்னது, பீரோவா?"

"சிக்னல் பெட்டிட்டி. ரோட்டுல நிக்கும்லா, அது."

அவள் பெட்டியைப் பார்த்தாள். கோலியைப் பார்த்தாள். "பிள்ளைய எங்க படுக்கப் போட?" என்றாள்.

நியாயமான கேள்விதான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். ஒரு சின்ன மோட்டார் ஓயாமல் சுற்றும். அது குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை ஒரு உருளையை ஒரு படி தள்ளும். அதுதான் அந்த 'டக்'. உருளையில் மேடும் பள்ளமும் உண்டு. மேடு வருகிற இடத்தில் இரண்டு வெள்ளிக் குமிழ்கள் ஒன்றையொன்று தொடும். தொட்டால் ஒரு விளக்கு எரியும், விலகினால் அணையும். அவ்வளவுதான் சங்கதி. ஒரு பட்டணமே அந்தக் குமிழ்கள் தொடுவதையும் விலகுவதையும் நம்பித்தான் ரோட்டைக் கடக்கிறது. நினைத்துப் பார்த்தால் புல்லரிக்கும்.

ஒன்றரை வருஷம் அதோடு மல்லுக்கட்டினேன். பல் போன சக்கரத்தை ஃபைபர் தகட்டில் அரத்தால் ராவி நானே செய்தேன். மூன்று தடவை கெட்டது, நாலாவது தடவை பொருந்தியது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் குழந்தை எழுந்து அழுதது. கரி பிடித்த குமிழ்களைச் சுத்தம் செய்வதுதான் பெரிய பாடு. உப்புத்தாள் போட்டால் வெள்ளி தேய்ந்துவிடும், துணி போட்டால் நூல் ஒட்டும். கடைசியில் கல்யாணப் பத்திரிகை அட்டைதான் கை கொடுத்தது. விரல் அகலத்துக்குக் கிழித்துக் குமிழ்களுக்கு நடுவில் விட்டு, மேலே ஒரு விரலால் அழுத்திக்கொண்டு இழுத்தால் கரியெல்லாம் அட்டையோடு வந்துவிடும். ஒரே ஒரு விஷயம். நம் ஆட்கள் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருப்பார்கள். அதை முதலில் வெட்டி எறிய வேண்டும். இல்லாவிட்டால் கரி போய் மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். சாலில் யார் வீட்டுக்குப் பத்திரிகை வந்தாலும் கல்யாணத்துக்கு அவர்கள் போவார்கள், அட்டை என்னிடம் வரும்.

இத்தனையும் நடக்கும்போது என் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டவ்வின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். குழந்தையைப் பெட்டி மேல் பாய் விரித்துப் படுக்கவைக்கலாமே என்று நான் ஒரு நாள் யோசனை சொன்னேன். அன்றைக்கு விழுந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

அவளுடைய அண்ணன் மாட்டுங்காவில் ஒரு ஆபீசில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார், வந்தால் பெட்டியில்தான் ஆரம்பிப்பார். "என்ன மாப்ளே, எங்க தங்கச்சியக் கெட்டிக்குடுத்தோம், நீரு இரும்போட குடித்தனம் பண்ணுதீரு!"

எனக்குக் கோபம் மூக்கு மேலே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது தாண்டிவிட்டது. "மச்சான், சரஸ்வதி பூசைக்கு இந்தப் பெட்டிய முத்தத்துல வச்சி, சாமிக்கு முன்னால ஓட்டிக் காட்டுதேன். ஓடலைன்னா மறுநாளே பழைய இரும்புக்குப் போட்டுருதேன். போதுமா?"

"வாக்கு மாறக் கூடாது வே."

"மாறினா என் மீசைய எடுத்துக்கிடும்."

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் கவனித்தேன். பெட்டி போனால் அவளுக்கு ஒரு பாய் விரிக்கிற இடம் கிடைக்கும். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். ஆனால் வாயை விட்டாயிற்று.

பூசை அன்று சால் முற்றத்தில் தகரப் பந்தல் போட்டு சரஸ்வதி படம் வைத்தார்கள். படத்துக்கு முன்னால் எல்லார் வீட்டு ஆயுதமும் வந்து உட்கார்ந்தது. தையல்காரர் கத்திரிக்கோல், தோல் கிடங்கில் வேலை செய்பவர்களின் கத்திகள், பிள்ளைகளின் புத்தகங்கள், என்னுடைய டூல் பெட்டி. எங்கள் வழக்கப்படி பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. தொட்டு வேலை செய்தால் வருஷம் முழுக்கத் தொழில் படுத்துவிடும் என்பார்கள். அப்படியென்றால் சிக்னல் பெட்டியை மட்டும் எப்படி ஓட்டலாம் என்று பெரியவர்கள் ஒரு சபையே கூட்டினார்கள். சாமிக்கு முன்னால் விளக்கு எரிவது வேலை ஆகாது என்று தீர்ப்பானது.

பால் பவுடர் டப்பாக்களில் பல்பு மாட்டி, கலர் கண்ணாடித் தாள் ஒட்டி, கம்பத்துக்கு மூன்றாக இரண்டு கம்பம் நட்டேன். காலையில் ஓட்டிப் பார்த்தேன். கடிகாரம் தோற்றது போங்கள். ஒரு ரோட்டுக்குப் பச்சை, மறு ரோட்டுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள். இரண்டு ரோட்டுக்கும் சிவப்பு விழுகிற படியில் நிறுத்திவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

சாயங்காலம் முற்றம் நிறைந்துவிட்டது. மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். குர்லாக் கடைக்காரரின் கைவண்டிக்கு அவரே சொல்லிவிட்டு வந்திருந்தார். மறுநாள் காலையில் வருமாம். எவ்வளவு கொழுப்பு பாருங்கள்!

சூடம் காட்டி முடித்ததும் நான் சுவிட்சைப் போட்டேன். இரண்டு கம்பத்திலும் சிவப்பு எரிந்தது. கை தட்டினார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். டக். ஒரு சிவப்பு அணைந்தது. பச்சை வரவில்லை. டக். மஞ்சளும் வரவில்லை. டக், டக் என்று உருளை பாட்டுக்குத் திரும்புகிறது, மோட்டார் பாட்டுக்கு ஓடுகிறது. சிவப்பு மட்டும் வருகிறது, போகிறது.

"மாப்ளே," என்றார் மச்சான், ஊருக்கே கேட்கும்படி. "பம்பாயவே நிப்பாட்டிட்டீரே!"

முற்றம் மொத்தமும் சிரித்தது.  பெட்டியின் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். உள்ளே பார்த்ததும் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. விலகி நின்ற ஒவ்வொரு வெள்ளிக் குமிழிலும் சந்தனம். சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். எல்லாம் காய்ந்து ஓடாய்ப் போயிருந்தது. காய்ந்த சந்தனத்தைத் தாண்டி கரண்ட் எப்படிப் போகும்? சிவப்புக்குரிய குமிழ்கள் தொட்டபடி இருந்ததால் மட்டும் தப்பியிருந்தன.

எங்கள் கோலியில் பொட்டு வைக்கிற கை ஒன்றுதான்.

"ஏட்டி! வேணும்னேதான பண்ணுன? பெட்டிய ஒழிச்சிக்கட்டணும்னுதான பண்ணுன?"

அத்தனை பேருக்கு முன்னால் கத்தினேன். சிரிப்பு நின்றுபோனது. மச்சான் முகம் சுருங்கிவிட்டது. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"ரெண்டு ரெண்டாக் கண்ணு மாதிரி இருந்துச்சி," என்றாள். "ஒன்றரை வருசமா மனசுக்குள்ள திட்டிட்டேன்லா. இன்னைக்கு ஒரு நாளாவது மரியாதை பண்ணுவோம்னு வச்சேன்."

 இப்போது என்ன செய்வது? ஸ்க்ரூடிரைவர், பிரஷ், நான் வெட்டி வைத்திருந்த அட்டைத் துண்டுகள் எல்லாம் டூல் பெட்டியில். டூல் பெட்டி சாமிக்கு முன்னால். நான் ஒரு எட்டு எடுத்து வைத்ததுமே பெரியவர் ஒருவர் "தொடாதீரும்!" என்று அதட்டினார்.

அவள் குழந்தையை அண்ணன் கையில் திணித்துவிட்டுக் கோலிக்குள் போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு அட்டை, தலையில் ஒரு ஹேர்பின்னோடு திரும்பி வந்தாள்.

"ப்ளக்கைப் புடுங்குங்க," என்றாள் என்னிடம்.

பிடுங்கினேன். சாலில் என்னை அதட்டி வேலை வாங்கியவர்கள் யாருமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"வேலை செய்யக் கூடாதும்மா," என்றார் அதே பெரியவர்.

"இது வேலை இல்ல மாமா. தொடைக்கேன். சாமி சாமானத் தொடைக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

அவர் ஒதுங்கி வழி விட்டார். அவள் அட்டையின் நாலு மூலையையும் பல்லால் கடித்துக் கிழித்துத் துப்பினாள். மஞ்சள் இருக்கிற மூலைகள்! நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிறகு விரல் அகலத்துக்குத் துண்டு துண்டாகக் கிழித்தாள். ஹேர்பின் முனையால் சந்தனத்தை உதிர்த்து, ஈர விரலால் துடைத்து, முந்தானையால் ஒற்றி, அட்டையை நடுவில் விட்டு, மேலே ஒரு விரலை வைத்து அழுத்தி இழுத்தாள். அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்பது எனக்கே ஆறு மாதம் பிடிபடாத விஷயம். அவளுக்கு அது கையில் இருந்தது. ஒன்றரை வருஷம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் டார்ச் பிடித்தேன். எனக்கு அன்றைக்குக் கிடைத்த வேலை அது ஒன்றுதான்.

கடைசிக் குமிழையும் முடித்துவிட்டு, "போடுங்க," என்றாள்.

போட்டேன். சிவப்பு. டக். பச்சை! முற்றத்தில் விசில் பறந்தது. டக், மஞ்சள். மறு கம்பத்தில் பச்சை. பிள்ளைகள் பச்சைக்கு ஓடினார்கள், சிவப்புக்கு நின்றார்கள். மச்சான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை ரோட்டைக் கடந்தார், இல்லாத ரோட்டை.

நான் கீழே கிடந்த அட்டைத் துண்டுகளைப் பொறுக்கினேன். எல்லாம் கரியும் சந்தனமுமாக இருந்தன. ஒரு துண்டில் என் பெயர் இருந்தது. இன்னொன்றில் அவள் பெயரும், எங்கள் கல்யாணத் தேதியும். ஊரிலிருந்து வரும்போது அவள் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரே பத்திரிகை அது. ஒன்றரை வருஷத்தில் அட்டைக்காக நான் சாலில் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறேன். எங்கள் டிரங்குப் பெட்டிக்குள் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் சொன்னபடி கைவண்டி வந்து வாசலில் நின்றது. அவள்தான் போனாள்.

"க்யா லேனா ஹை?" என்று, எதை எடுக்க வேண்டும் என இந்தியில் கேட்டான் வண்டிக்காரன்.

அவள் டிரங்குப் பெட்டியைக் காட்டினாள். துணிகளை ராத்திரியே எடுத்து மூட்டை கட்டி வைத்திருந்தாள். அது போன இடத்தில் பாயை விரித்துக் குழந்தையைப் படுக்கப் போட்டாள்.