வீரையனின் நாற்பத்து நாலு சத்தம்

ராஜாத்தி அரிவாள்மனையில் உட்கார்ந்து கெண்டைக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். கை மீனில்; வாய் இங்கிலீஷில். ஜூ, ஜிப், லேஸி என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தாள்.

அவள் கணவர் வீரையனுக்குத் தொண்டையில் புற்று. மறுநாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அதற்கடுத்த நாள் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். முன்னதாகக் குரலைப் பதிந்து அனுப்பினால், பிறகு அவர் தட்டுகிற எழுத்தைக் கைபேசி அவர் குரலிலேயே பேசுமாம். கனடாவிலிருக்கும் மகள் பிரகதீஸ்வரியின் ஏற்பாடு. அந்த இயந்திரத்துக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும், பேரப்பிள்ளைகளுக்கும் அப்படித்தான். எந்த வாக்கியங்களானாலும் சரி, எல்லாம் சேர்த்து இங்கிலீஷின் நாற்பத்து நாலு சத்தமும் வந்துவிட வேண்டும்.

குரல் செய்து தரும் கம்பெனியே அனுப்பிய வாக்கியங்களை வீரையன் மூன்று முறை படித்தார். மூன்றும் திரும்பி வந்தன: இயல்பான பேச்சு இல்லையாம். எப்படி இருக்கும்? முப்பது வருஷம் ஒரத்தநாட்டில் ஆட்டோவில் மைக் கட்டி, துணிக்கடைத் தள்ளுபடியும் காணாமல் போன மாடும் அறிவித்த மனிதர். 'வானம் நீலமாக இருக்கிறது' என்பதைக்கூட 'அனைவரும் திரண்டு வாரீர்' ராகத்தில்தான் இழுத்தார்.

துபாய் முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருஷம் கிழவர்களைக் குளிப்பாட்டியவள் ராஜாத்தி. எந்த மனிதனும் சண்டையில்தான் சொந்தக் குரலில் பேசுவான் என்று அவளுக்குத் தெரியும். கையைக் கழுவிவிட்டு வாக்கியங்களை அவளே இங்கிலீஷில் எழுதினாள். அத்தனையும் வசவு. சத்தப் பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, மிஞ்சியதையெல்லாம் கடைசி வரியில் திணித்தாள்: உன் சோம்பேறி ஆடு என் வேட்டி ஜிப்பைத் தின்றுவிட்டது.

"வேட்டிக்கு ஏதுடி ஜிப்பு?"

"சத்தத்துக்காகப் போட்டது. படிங்க."

"அர்த்தம் வேணாமா?"

"முப்பது வருஷமா அர்த்தத்தோடயா கத்துனீங்க? பக்கத்து வயல் பகலவன் எதிர்ல நிக்கிறான்னு நெனச்சுக்குங்க. நேத்துகூட நம்ம மடையை அடைச்சுட்டானே."

கைபேசியில் பதிவை ஓடவிட்டு, அவர் கண்ணில் படாமல் அலமாரியில் வைத்தாள்.

வீரையன் வேட்டியை மடித்துக் கட்டினார். ராகம் போன இடம் தெரியவில்லை. நடுவில் இரண்டு முறை தமிழுக்குத் தாவிப் பகலவனின் பாட்டன்வரை போனார். "இங்கிலீஷ்! இங்கிலீஷ்!" என்று இவள் அதட்டி இழுத்து வந்தாள். சாயங்காலம் அனுப்பியாயிற்று.

காலையில் பதில் வந்திருந்தது: நாற்பத்து நாலும் சரி. ராஜாத்தி அந்தப் பதிவை ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சோப்பு போட்டுத் தாடியை மழித்தாள். அவர் விட்ட இடத்திலிருந்து பகலவனைத் தமிழில் திட்டத் தொடங்கினார். அவள் தடுக்கவில்லை.

"திட்டுங்க. கழுத்தை மட்டும் ஆட்டாதீங்க" என்றாள்.